கேளுங்கள், சொல்கிறோம்: பிள்ளையைக் காணோம் என்றால் ஒரு நாள் பொறுக்க வேண்டுமா?

கேள்வி: பக்கத்து லயத்து அக்காவின் 15 வயது மகள், கொழும்பில் வீட்டு வேலை என்று ஒரு தரகரோடு போனாள். முதலில் அடிக்கடி பேசினாள், இப்போது போன் வேலை செய்யவில்லை. தரகர் "நல்லாத்தான் இருக்கா" என்கிறார், விலாசம் கேட்டால் மழுப்புகிறார். 24 மணிநேரம் கழித்துத்தான் பொலிஸில் முறைப்பாடு எடுப்பார்களாமே? நீங்கள்தானே அனுப்பினீர்கள் என்று அக்காவையே பிடித்துவிட்டால்?
– பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: அந்த 24 மணிநேரக் கதை சினிமாவில் பார்த்ததாக இருக்கும் தங்கச்சி, நம் சட்டத்தில் அப்படி ஒரு காத்திருப்பு கிடையாது. இன்றைக்கே அக்காவைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள், அங்கே சிறுவர், மகளிர் பிரிவு எங்கே என்று கேளுங்கள். போகும்போது பிறப்புச் சான்றிதழ், கிட்டத்தில் எடுத்த படம், பிள்ளை கடைசியாகப் பேசிய இலக்கம், எல்லாவற்றையும் விட முக்கியமாகத் தரகரின் இலக்கம், இவை கையில் இருக்கட்டும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிங்களத்தில்தான் எழுதினார்கள் என்றால், வாசித்து விளக்கச் சொல்லாமல் கையொப்பம் வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் திரும்பி வரவும் வேண்டாம்.

பொலிஸில் இழுத்தடித்தால் 1929க்கு அழையுங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, இரவிலும் எடுப்பார்கள், அழைக்கக் காசு இல்லை. அப்போதும் நகரவில்லையா, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பிடித்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். அக்காவை விசாரிப்பார்கள், திட்டவும் திட்டலாம். ஆனால் 2021இல் வேலைக்கு வைக்கும் குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக உயர்த்தியாகிவிட்டது, ஆக 15 வயதுப் பிள்ளையை வேலைக்கு வைத்த வீட்டுக்காரர்தான் முதலில் மாட்டுவார். ஏமாற்றிச் சுரண்டுவதற்காக அழைத்துப் போயிருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் ஆட்கடத்தல் பிரிவு தரகர் மேல் பாயும், பிள்ளை "நானாத்தான் வந்தேன்" என்று சொன்னாலும் அவர் தப்ப முடியாது. அதே 2021இல்தான் டயகமவிலிருந்து போன 16 வயதுப் பிள்ளை, கொழும்பில் வேலை செய்த வீட்டில் தீக்காயப்பட்டு வைத்தியசாலையில் இறந்தது. மலையகமே தெருவில் இறங்கியது, அப்புறமும் தரகர்கள் லயத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அக்கா இதை நினைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போகட்டும்.

கேள்வி: இந்தியாவில் காணாமற்போன பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத் தனி இணையத்தளமும் கணினியும் இருக்கிறதாமே. நமக்கு அது வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?
– தலவாக்கலை வாசகர்

பதில்: இருக்கிறது தம்பி. 'டிராக் சைல்ட்' என்ற தளத்தில் காணாமற்போன பிள்ளைகளின் விவரமும் காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளின் விவரமும் ஒன்றாகச் சேர்ந்தன, பிறகு அது 'மிஷன் வாத்சல்யா' தளத்தோடு இணைந்துவிட்டது. 2014இல் டெல்லிக்குப் பக்கத்து நகரான காசியாபாத்தின் பொலிஸ் தொடங்கிய, காணாமற்போன பிள்ளைகளைத் தேடி மீட்கும் 'ஆபரேஷன் ஸ்மைல்' மறுவருடமே நாடு முழுக்கப் போனது. 2018இல் டெல்லியில் முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைக் கொண்டு நான்கே நாளில் ஏறக்குறைய 3000 பிள்ளைகளை இனங்கண்டதாகச் செய்தி வந்தது. எனக்கென்னவோ இதையெல்லாம் விடப் பெரிதாகப் படுவது, 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுதான்: பிள்ளையைக் காணோம் என்றால் கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு உடனே வழக்குப் பதியவேண்டும். அது இங்கேயும் வரட்டும், கணினி அதற்குப் பிறகு வரலாம். படமில்லாத பிள்ளையை மென்பொருள் எங்கே தேடும்? நம் தோட்டங்களில் எத்தனை பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் இன்னொரு பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: 13 வயது மகன் கடையில் போன் திருடினான் என்று பொலிஸில் கொடுத்துவிட்டார்கள். சிறையில் போடுவார்களா?
– ஹட்டன் தாய்

பதில்: பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக்கூடாது அம்மா, அடைத்திருந்தால் உடனே 1929க்குச் சொல்லுங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 2018 திருத்தத்தின்படி 12 வயதுக்குக் கீழே செய்தது குற்றமே ஆகாது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால், செய்ததன் விளைவை விளங்கிக்கொள்ளும் பக்குவம் அவனுக்கு இருந்ததா என்று நீதவான் பார்த்துத்தான் முடிவெடுப்பார். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், அவரிடம் எதையும் மறைக்காதீர்கள், அவர் கொடுக்கும் அறிக்கைக்கு நீதிமன்றத்தில் மதிப்பு உண்டு. வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகவே ஆள் தருவார்கள். வழக்குத் தினத்தன்று நீங்களோ அவனுடைய அப்பாவோ கட்டாயம் நீதிமன்றத்தில் இருங்கள், அன்றைய நாட்சம்பளம் போனாலும் பரவாயில்லை.