சுற்றறிக்கையில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் கூட்டம் பெயருக்குத்தான் நடக்கிறது. தலைமையாசிரியர் தாமே முடிவெடுத்துச் சுற்றறிக்கைப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார். இப்போது பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பை ஆறு மணி வரை நீட்டித்திருக்கிறார். மலையோரக் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு அதன் பிறகு பஸ் இல்லை. கையெழுத்திட மறுக்கலாமா?
– பட்டதாரி ஆசிரியை, மாரண்டஅள்ளி

பதில்: மறுக்காதீர்கள், அம்மா. அந்தக் கையெழுத்து 'படித்தேன்' என்பதற்குத்தான் சாட்சி, 'ஒப்புக்கொண்டேன்' என்பதற்கல்ல. மறுத்தால் மறுநாள் பஸ்ஸைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்; உங்கள் கீழ்ப்படியாமையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அரூர் பக்கம் நான் பணியாற்றியபோது பார்த்திருக்கிறேன். பாடம் பாதியில் இருக்கும்போது அலுவலக உதவியாளர் பதிவேட்டோடு வாசலில் நிற்பார். ஒரு கையில் புத்தகம், மறு கையில் சாக்பீஸ். அந்த விரலாலேயே பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டுத் திருப்பித் தருவோம். எழுதியிருப்பதைப் படிப்பவர் அபூர்வம். நீங்கள் படித்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் ஆட்சேபணையை அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடாதீர்கள். ஆண்டாய்வுக்கு வரும் அலுவலர் அதைப் புரட்டுவார். அவர் முன்னால் தலைகுனிந்த தலைமையாசிரியர் பிறகு எதிலும் இறங்கிவர மாட்டார்.

எந்த ஊர்ப் பிள்ளைகள், எத்தனை பேர், கடைசி பஸ் எப்போது என்று ஒரே தாளில் எழுதுங்கள். வகுப்பாசிரியரை அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். பத்துப் பேர் திரண்டு போனால் அவருக்கு அது முற்றுகை. வகுப்பே வேண்டாம் என்று சொல்லாமல், காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்று வழியோடு பேசுங்கள். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கல்வி அலுவலகத்திலிருந்து வரும் போனை எடுப்பவரும் அவர்தான்.

அப்போதும் அசையாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பெண் இருட்டில் நடந்து வரவேண்டும் என்றால் அங்கே தாய்மார்களே கேட்பார்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை.

கேள்வி: தலைமையாசிரியர் மருத்துவ விடுப்பில் இருக்கிறார். மூத்தவரான நான் பொறுப்பு வகிக்கிறேன். ஆனால் அலுவலகத்தில் யாரும் என்னை மதிப்பதில்லையே?
– ஓர் ஆசிரியர், தேன்கனிக்கோட்டை

பதில்: எழுத்து மூலம் ஆணை வாங்கினீர்களா? வாய்மொழிப் பொறுப்பில் காலை வழிபாட்டை நடத்தலாம், விடுப்பில் இருப்பவரின் பாடவேளையைப் பிரித்துக் கொடுக்கலாம். சம்பளப் பட்டியலில் கையெழுத்திட மேலலுவலரின் தனி ஆணை வேண்டும். அது இல்லாமல் மாதக் கடைசி வந்துவிட்டால், மதிக்காதவர்கள் எல்லாரும் உங்கள் மேசையைச் சுற்றி நிற்பார்கள், சம்பளம் எங்கே என்று கேட்டு. இன்றே மாவட்டக் கல்வி அலுவலருக்குக் கடிதம் எழுதுங்கள். பீரோ சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.