வாசலுக்குப் போனவரைக் கூப்பிடுங்கள்

கேள்வி: என் கணவர் சொந்தமாகச் சின்ன யானை லோடு வண்டி வைத்து, துறைமுகத்திலிருந்து பண்ருட்டிக்கு மீன் லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். டியூ கட்ட முடியாமல் போனதில் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிவிட்டார்கள். இப்போது ஆக்டிங் டிரைவராகப் போகிறார். தண்டல், குழு லோன் என்று வேறு கடனும் இருக்கிறது. பவுலும் சீலாவும் சிறைச்சாலையில் பாடியதுபோல நான் எல்லாவற்றிலும் ஆண்டவரைத் துதிக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை விட்டதே இல்லை. அவர் கடன் பேச்சை எடுத்தால், அவிசுவாச வார்த்தை வீட்டுக்குள் வேண்டாம் என்று செல்போனில் துதிப் பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். இவ்வளவு துதித்தும் மனதில் சமாதானம் இல்லை. என் விசுவாசத்தில் என்ன குறை?
— ஒரு சகோதரி, கடலூர் முதுநகர்

பதில்: இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. தொழில் போயிருக்கும், கடன் இருக்கும், கடைசி வரியில் ‘என் விசுவாசத்தில் என்ன குறை’ என்று இருக்கும். ‘கலங்காதே மகளே, ஆண்டவர் வழி திறப்பார்’ என்று எழுதி அனுப்பினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அதைச் சொல்ல உங்கள் ஜெபக்குழுவில் ஆள் இருக்கிறது.

போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. அவர் கடன் பேச்சை எடுத்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறீர்கள். சொந்த வண்டியில் போய்வந்த அதே ரோட்டில் அந்த மனுஷன் இப்போது அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு வருகிறார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, “இந்த வாரம் தண்டலுக்கு என்ன பண்றது?” என்று ஆரம்பிக்கிறார். அதை எப்படிக் கேட்பது என்று பண்ருட்டியிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார். உங்கள் கட்டைவிரல் செல்போன் பட்டனை அழுத்துகிறது. தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே அவர் எழுந்திருக்கிறாரா, சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறாரா? அதைக்கூட நீங்கள் எழுதவில்லை. அதற்குப் பெயர் துதி இல்லை அம்மா. புருஷன் வாயை அடைக்க ஆண்டவர் பெயரை எடுக்கிறீர்கள். மனதில் சமாதானம் இல்லை என்கிறீர்கள். இருந்திருந்தால்தான் எனக்குக் கவலை.

பவுல், சீலா என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை 26-ஆம் வசனத்தோடு மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது. நடுராத்திரியில் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவு திறந்தது, கட்டுகள் கழன்றன. மேடையில் பேசுகிறவர்களும் பல சமயம் அங்கேயே நிறுத்தி அல்லேலூயா சொல்லிவிடுகிறார்கள். அடுத்த வசனத்தைப் படியுங்கள். கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்த சிறைச்சாலைக்காரன் பட்டயத்தை உருவித் தன்னைக் கொன்றுகொள்ளப் போகிறான். தன் பொறுப்பில் இருந்தது கைவிட்டுப் போனதும், இனி யார் முகத்தில் விழிப்பது என்று ஒரு ஆணுக்கு வருகிற நினைப்பு அது. பவுல் உரத்த சத்தமாய்க் கூப்பிட்டார்: “நீ உனக்குக் கெடுதி ஒன்றுஞ் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்.” பாடிக்கொண்டிருந்தவருக்கு, அந்த இருட்டிலும் இன்னொருவன் என்ன செய்யப் போகிறான் என்று தெரிந்திருக்கிறது. வாசலில் உட்கார்ந்திருப்பவர் என்ன யோசிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

பயமுறுத்துகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடனைப் பற்றி வீட்டில் பேசுகிற மனுஷனைக் காப்பாற்றிவிடலாம். பேச்சை நிறுத்திவிட்டால்தான் வீட்டில் உள்ளவர்கள் பயப்பட வேண்டும். சாவதைப் பற்றி ஒரு வார்த்தை வாய்தவறி வந்தாலும் 104 என்ற அரசு உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், எந்த நேரமானாலும் சரி.

இந்த ‘அவிசுவாச வார்த்தை’ கணக்கை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் தண்டல் பாக்கியைக் கட்டப்போவதில்லை. கஷ்டகாலத் துதி என்றாலே எல்லாரும் எடுப்பது ஆபகூக் மூன்றாம் அதிகாரம். அவர் எப்படித் துதிக்கிறார்? அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், திராட்சை பழுக்காவிட்டாலும், ஒலிவமரம் பலன் தராவிட்டாலும், வயல் விளையாவிட்டாலும், கிடையில் ஆடு இல்லாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணி முடித்த பிறகுதான் ‘கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்’ என்கிறார். நீங்கள் உங்கள் வீட்டுக்காரரை முதல் மரத்தைக்கூட எண்ண விடுவதில்லை. 88-ஆம் சங்கீதம் ஆரம்பம் முதல் கடைசிவரை அழுகை, இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்து ஜனங்களுக்கு இது தெரியாததும் இல்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கரையைக் கடந்தது. மறுநாள் ராத்திரி வருடக் கடைசி ஆராதனை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த ஊர்களில், ‘உனக்கு எத்தனை மரம் போச்சு?’ என்று கேட்காமல் யாராவது யாரையாவது தேற்றியிருப்பார்களா?

சரி, வேலைக்கு வருவோம். இன்று ராத்திரி செல்போனை அணைத்துவிட்டு ஒரு நோட்டை எடுங்கள். தண்டல் எவ்வளவு, குழுவில் எவ்வளவு, அடகில் என்ன இருக்கிறது, யாரிடம் கைமாற்று என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். நடுவில் ‘இது எதுக்கு வாங்கினீங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் மறைத்தது ஏதாவது வெளியே வரும், வரத்தான் செய்யும். பெண்டாட்டிக்குத் தெரியாமல் கடன் வாங்குகிற ஆண்களை எனக்கும் பிடிக்காது. அந்தச் சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

வண்டியை ஏலம் விடுமுன் ஃபைனான்ஸில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வந்ததா, வந்திருந்தால் எங்கே என்று தேடுங்கள். ஏலத்தில் விலை குறைந்தால் மீதியையும் உங்களிடம்தான் கேட்பார்கள்; வண்டியோடு போச்சு என்று விட்டுவிட முடியாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். தண்டல் கந்துவட்டியாகப் போகிறது என்றால் அதைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். எங்கே போனாலும் இருவருமாகப் போங்கள். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் லோடு கிடைக்காமல் அவர் வீட்டில் இருக்கிற வெள்ளிக்கிழமை என்றால் நீங்களும் வீட்டில் இருங்கள். தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருப்பது ஆம்பிளைகளுக்கு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. தண்டல், குழு லோன் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், மொத்தக் கடன் எவ்வளவு என்று மட்டும் கடிதத்தில் காணோம். எழுத மறந்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கே தெரியாது. அவரைக் கேட்டு, தொகையைப் போட்டு மறுபடி எழுதுங்கள்.