கயிறு இழுத்துத் தோள் வலிக்கிறதா? பெட்ரோல் ஸ்பிரேயர் கேள்வி-பதில்

கேள்வி: மாசியில் கடலைக்கு மருந்து அடித்துவிட்டு பவர் ஸ்பிரேயரைக் கொட்டகையில் வைத்தேன். டூ ஸ்ட்ரோக் மிஷின். ஆடியில் எடுத்தால் ஸ்டார்ட் ஆகவே இல்லை. கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பகுதி) புதிதாக மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
(விவசாயி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். டேங்கில் இருப்பது மாசி மாதத்துப் பெட்ரோல்தானே? முதலில் அதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இறக்கி, கால் மணி நேரம் ஆடாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் போலத் தனியாக ஒரு அடுக்கு நின்றால் காரணம் பிடிபட்டுவிட்டது.

இப்போது பங்கில் ஊற்றும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் போய் உட்காரும். நீங்கள் கலந்த 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மிஷின் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஸ்டார்ட் ஆகாமல் போனதே உங்கள் அதிர்ஷ்டம் என்பேன். ஆயில் இல்லாத அந்தக் கலவையில் ஓடியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும்.

பழையதைக் கொட்டிவிட்டு, புதுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுங்கள். டேங்குக்குள் குழாய் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும். வளைந்த கம்பியால் வெளியே இழுத்துப் பாருங்கள், பிசுபிசுப்பாக இருந்தால் மாற்றுங்கள். பிறகு ரப்பர் பல்பை ஏழெட்டு முறை அழுத்தி, சோக் போட்டு, நாலைந்து தடவை கயிறு இழுங்கள். அப்போதும் உயிர் வரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாக ஏறிவிட்டது. சோக்கை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே பத்து முறை இழுத்து வெளியேற்றி, பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். கழற்றும்போதே பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் மேலே வரவில்லை, கோளாறு கார்புரேட்டர் பக்கம். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். அளவுகோல் இல்லாதவர்களுக்கு ஆக்ஸா பிளேடின் முதுகுப் பக்கக் கனம் ஏறக்குறைய சரியாக வரும். பொறி வருகிறதா என்று சோதிக்கும்போது சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டு, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வைத்துச் சோதியுங்கள்.

கார்புரேட்டர்தான் கோளாறு என்றாலும் முழுசாக மாற்றத் தேவை இருக்காது. உள்ளே டயாபிராம் என்று ஒரு மெல்லிய சவ்வு உண்டு. நல்லதாக இருந்தால் துணி மாதிரி துவளும். பழைய பெட்ரோலில் ஊறினால் எக்ஸ்ரே பிலிம் மாதிரி விறைத்துவிடும். டயாபிராம் கிட் தனியாகவே கிடைக்கிறது, புது கார்புரேட்டரோடு ஒப்பிட்டால் அற்ப விலை. உங்கள் மிஷின் அடியில் கிண்ணம் வைத்த கார்புரேட்டர் ரகம் என்றால் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட் என்ற பெட்ரோல் வரும் நுண்ணிய ஓட்டையில் கிளீனர் அடித்துக் காற்று ஊதினாலே பெரும்பாலும் போதும். ஜெட்டுக்குள் ஊசி விடாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும்.

அடுத்த முறை ஒதுக்கி வைக்கும் முன் பெட்ரோல் டேங்கை வடித்துவிட்டு, மருந்து டேங்கில் வெறும் தண்ணீர் வைத்து, மிஷினை ஸ்டார்ட் செய்து அதுவாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

கேள்வி: ஸ்டார்ட் ஆகிறது, ஸ்லோவில் நிற்கிறது. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் முனகிக்கொண்டு அணைகிறது. ஒரே புகை. ஆயில் சரியாக 40 கணக்கில்தான் ஊற்றுகிறேன்.
(வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: அந்த 40-இல்தான் சந்தேகம். 40-க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி ஆயில். 25-க்கு 1 என்றால்தான் லிட்டருக்கு 40 மில்லி. இரண்டு எண்ணும் இப்படி இடம் மாறி நிற்பதால் ஊரில் பாதிப் பேர் குழம்புகிறார்கள், கடைக்காரர்களும் சேர்த்தி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. உங்கள் மிஷினுக்கு எது என்பது டேங்க் மூடியிலோ புத்தகத்திலோ இருக்கும். டிவிஎஸ் 50-க்கு ஊற்றிய பழக்கத்தில் கண்ணளவில் ஊற்றாதீர்கள், மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சு போதும்.

ஆயில் கூடுதலாகப் போனதால் சைலன்சர் வாயில் கரி அடைத்திருக்கும். கழற்றி, மரக்குச்சியால் சுரண்டுங்கள். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள். ஓடிக்கொண்டே இருந்து பத்து நிமிடத்தில் அணைகிற கேஸ் என்றால், பெட்ரோல் மூடியை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். அதோடு சரியாகிவிட்டால் மூடியில் உள்ள காற்று ஓட்டை அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: இன்ஜின் நன்றாக ஓடுகிறது. மருந்துதான் பீய்ச்சவில்லை, சொட்டுகிறது.
(விவசாயி, போடி)

பதில்: மருந்து டேங்கைத் திறந்து, உள்ளே திரும்பி விழும் ரிட்டர்ன் தண்ணீரைப் பாருங்கள். அது வேகமாக விழுந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. பிரஷர் வால்வு தளர்ந்திருக்கும், அல்லது கையில் பிடிக்கும் ஸ்பிரே கன்னிலோ அதன் நுனியில் உள்ள நாசிலிலோ அடைப்பு. ரிட்டர்னும் மந்தமாக இருந்தால் அடியில் உள்ள வலை அடைத்திருக்கும், உறிஞ்சும் குழாயில் காற்று இழுக்கும், அல்லது பம்ப் சீல் தேய்ந்திருக்கும். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டினால் சீல் சீக்கிரமே கருகும். கிரீஸ் கப் இருந்தால் அதையும் மறக்க வேண்டாம்.

மேங்கோசெப், காப்பர் ஆக்ஸிகுளோரைடு மாதிரித் தூள் மருந்து அடிப்பவரா? தூளை நேரே டேங்கில் கொட்டினால் அடைக்கத்தான் செய்யும். வாளியில் கொஞ்சம் தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். அடைத்த நாசிலை வாய் வைத்து ஊதும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய டூத் பிரஷ் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நாசில் தேய்ந்ததா என்று பார்க்க, வெறும் தண்ணீரை ஒரு நிமிடம் அளவுக் குவளையில் பிடியுங்கள். அதே ரகப் புது நாசிலைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வந்தால் மாற்றுங்கள், மருந்துக் காசு மிச்சம்.

கேள்வி: வாங்கி மூன்று மாதத்தில் பிஸ்டன் ஜாம். ‘ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது’ என்கிறது கடை. நான் கலந்துதான் ஊற்றினேன். என்ன செய்வது?
(வாசகி, தென்காசி மாவட்டம்)

பதில்: உங்களுக்கு முன்னால் சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் பிஸ்டனைக் காட்டச் சொல்லுங்கள், போட்டோ எடுங்கள். பிஸ்டனின் அந்தப் பக்கம் மேலிருந்து கீழாக ஆழமான கீறல் இருந்தால் ஆயில் பற்றாக்குறை என்ற சந்தேகம் வலுக்கும். கார்புரேட்டர் பக்கம் மட்டும் மங்கித் தேய்ந்திருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. அது ஏர் ஃபில்டர் சரியாகப் பொருந்தாததாலும் வரலாம், சுத்தம் செய்யாததாலும் வரலாம். இரண்டும் முழுத் தீர்ப்பு ஆகாது. ஆனால் கடைக்காரரின் வாய்ப்பேச்சைவிட மேல். மிச்சக் கலவை இருந்தால் பாட்டிலில் மூடி வையுங்கள். வேறு மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் கடைக்கு நல்ல சாக்கு கிடைத்துவிடும்.

வாரண்டி மறுப்பை ஜாப் கார்டில் (கடை தரும் சர்வீஸ் சீட்டு) எழுதிக் கேளுங்கள். எழுதித் தராவிட்டால் நீங்களே பதிவுத் தபாலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுதுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ‘தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் ஆகமாட்டீர்கள்’ என்று எதிர்த்தரப்பு சொல்லிப் பார்க்கலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துவதை அந்தச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. மிஷினைப் பரிசோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பில் இல்லாமல் வாங்கியிருந்தால் மட்டும் வழி கரடுமுரடு.

கேள்வி: அரை ஏக்கர் கத்தரி, வெண்டை. பெட்ரோலா, பேட்டரியா?

பதில்: பேட்டரி. 20 லிட்டர் மருந்தோடு பெட்ரோல் மிஷின் முதுகில் ஏறினால் எடை முப்பது கிலோவைத் தொடும், அரை ஏக்கருக்கு அந்தப் பாடு எதற்கு? மாமரமும் நாலைந்து ஏக்கரும் இருந்தால் பெட்ரோல் பக்கம் வாருங்கள். அப்போதும் பிராண்டைப் பார்க்கும் முன், அதன் டயாபிராமும் பம்ப் சீலும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு லிட்டர் மிச்சம். பைக்கில் ஊற்றலாமா?

பதில்: இப்போதைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கில் வேண்டாம். வீட்டில் பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் நின்றால் அதில் ஊற்றிச் சந்தைக்குப் போய் வாருங்கள், கொஞ்சம் கூடுதலாகப் புகையும், அவ்வளவுதான். அதுவும் இல்லை என்றால் இனி அரை லிட்டராகக் கலந்துகொள்ளுங்கள்.