உயர் அதிகாரிக்குத் தனியாக ஒரு கோச் வைப்பதால் நிறுவனத்துக்கு என்ன லாபம்?

எக்ஸிகியூட்டிவ் கோச்சிங் என்றால், மேல்பொறுப்பில் இருப்பவர் பயிற்சி பெற்ற ஒருவருடன் அவ்வப்போது தனியாக உட்கார்ந்து, தான் முடிவெடுக்கும் விதத்தையும் ஆட்களை நடத்தும் விதத்தையும் அலசுவது.

பதவி உயர உயர, முகத்துக்கு நேரே குறை சொல்ல ஆள் இருக்காது. கூட்டத்தில் யாரையும் பேசி முடிக்க விடாமல் குறுக்கே பாயும் மேலாளரிடம் அதை யார் சொல்வது? சொல்ல மாட்டார்கள், சத்தமில்லாமல் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். புது ஆளைப் பிடித்துப் பழக்கும் செலவு நிறுவனத்தின் தலையில். என்னைக் கேட்டால், முதல் லாபமே இந்தச் செலவு குறைவதுதான்.

முடிவெட்டியதும் பின்னால் பிடித்துக் காட்டுவார்களே ஒரு கண்ணாடி, அந்த வேலைதான் கோச்சுக்கு.

சரி, இது வேலையில் தடுமாறுபவர்களுக்குத்தானே? இல்லை. கூகுளை நடத்திக்கொண்டிருந்தபோதே எரிக் ஷ்மிட்டுக்கு பில் கேம்ப்பெல் கோச்சாக இருந்தார்.