வாசகர் கேள்வி பதில்: ‘மினாஸ் மோர்குல்’ என்னும் இசைத்தொகுப்பு

கேள்வி: ஆஸ்திரியாவின் சம்மனிங் குழு 1995-இல் வெளியிட்ட ‘மினாஸ் மோர்குல்’ ஆல்பத்தைப் பிளாக் மெட்டல் என்னும் கடும் ராக் இசைவகையின் ரசிகர்கள் பலர் செவ்வியல் படைப்பு என்கிறார்கள். நானும் கேட்டேன். கிட்டார் எங்கோ தொலைவில் இரைகிறது. கீபோர்டுதான் முன்னால் நிற்கிறது. இதில் அப்படி என்ன சிறப்பு?

பதில்: கீபோர்டு முன்னால் நிற்பதைச் சரியாகவே கவனித்திருக்கிறீர்கள், இந்த ஆல்பத்தின் சிறப்பு அங்கேதான் தொடங்குகிறது. 1990-களின் தொடக்கத்தில் நார்வேயில் உருப்பெற்ற பிளாக் மெட்டலில் மெட்டைத் தாங்குவது கிட்டார். கீபோர்டைச் சேர்த்துக்கொண்ட குழுக்களும் பெரும்பாலும் அதைப் பின்னணிக்கே பயன்படுத்தின. 1993-இல் வியன்னாவில் தொடங்கிய சம்மனிங் குழுவும் தன் முதல் ஆல்பமான ‘லுக்பர்ஸ்’ வரை ஏறக்குறைய அந்த வழியிலேயே சென்றது. அதுவும் 1995-இல் வந்ததுதான். ஆனால் அதே ஆண்டில் நேபாம் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘மினாஸ் மோர்குல்’ ஆல்பத்தில் இந்த வரிசை தலைகீழாகிறது. கொம்பும் எக்காளமும் குழலும் போன்ற கீபோர்டு ஒலிகள் மெட்டை ஏந்துகின்றன. கிட்டார் அவற்றின் பின்னே இடைவிடாத இரைச்சலாகப் பரவி, வெளியின் அகலத்தை உணர்த்துகிறது.

இந்த இசை நகரும் விதமும் வேறு. ஒரு சிறிய மெட்டு வருகிறது; அதுவே திரும்ப வருகிறது; மூன்றாம் முறை வரும்போது அதன் மேல் இன்னொரு மெட்டு மெல்ல ஏறிக்கொள்கிறது; சற்று நேரத்தில் முதல் மெட்டு விலகிவிட, இரண்டாவது மட்டும் தனியே நடக்கிறது. சரணம், பல்லவி என்ற கட்டுக்கோப்பை எதிர்பார்த்துக் கேட்டால் எதுவுமே நிகழவில்லை என்றுதான் தோன்றும். அடுக்குகள் எப்போது கூடுகின்றன, எப்போது கழிகின்றன என்பதை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை முழுவதும் கேளுங்கள். என் மதிப்பீட்டில், கற்பனை உலகங்களைப் பாடிய மெட்டல் ஆல்பங்களுள் கதையைச் சொல்ல முயலாமல், அக்கதை நிகழும் நிலத்தையே ஒலியாக்கியவற்றில் இதற்கு முதலிடம் தரலாம்.

கேள்வி: இந்தக் குழுவுக்கு ஒரு நல்ல டிரம்ஸ் கலைஞர் இருந்திருந்தால் ஆல்பம் இன்னும் உயிரோட்டமாக இருந்திருக்காதா?

பதில்: ‘லுக்பர்ஸ்’ ஆல்பத்தில் டிரம்ஸ் கலைஞர் ஒருவர் இருந்தார். அவர் விலகிய பின் புரொடெக்டர், சைலீனியஸ் என்ற புனைபெயர்களைக் கொண்ட இருவர் மட்டுமே எஞ்சினர். புதிய டிரம்ஸ் கலைஞரைத் தேடாமல், தாளத்தையும் மின்னணுக் கருவியிலேயே நிரல்படுத்தினார்கள். பிளாக் மெட்டலுக்கே உரிய அதிவேக அடியை அவர்கள் அக்கருவியிடம் கேட்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். வேகத்தை வெகுவாகக் குறைத்தார்கள். அடிகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விட்டார்கள். ஒவ்வோர் அடியையும் எதிரொலியில் நனைத்தார்கள். மலைக் கணவாய்க்கு அப்பால் அணிவகுத்துச் செல்லும் படையின் முரசைப் போல அந்தத் தாளம் வந்து சேர்கிறது.

தேர்ந்த கலைஞர் ஒருவர் வாசித்திருந்தால் மெட்டுகளின் இடைவெளிகளைத் தன் திறமையால் நிரப்பியிருப்பார். அந்த வெறுமை நிரம்பியிருந்தால் ஆல்பமே இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீபோர்டின் எக்காள ஒலி உண்மையான எக்காளத்தைப் போல இல்லை என்ற குறைக்கும் இதுவே என் பதில். அது எந்த இசைக்குழுவின் அரங்கையும் நினைவூட்டுவதில்லை. அதனால்தான் இல்லாத ஒரு நாட்டிலிருந்து வரும் ஒலியாக அதை ஏற்றுக்கொள்ள முடிகிறது.

கேள்வி: கதறும் குரலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பாடல்கள் எதைப் பற்றியவை?

பதில்: பாடல்களின் உலகம் ஜே. ஆர். ஆர். டோல்கீன் தம் நாவல்களுக்காகப் படைத்த ‘மத்திய பூமி’ என்னும் கற்பனை உலகம். 1954-லும் 1955-லும் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, அவர் மறைவுக்குப் பின் 1977-இல் வெளியான ‘சில்மரில்லியன்’ ஆகிய இரண்டிலும் வரும் பெயர்கள் ஆல்பத்தில் கலந்திருக்கின்றன. மினாஸ் மோர்குல் என்பதே வீழ்ந்துபோன ஒரு நகரம். இசில்துர் என்னும் அரசன் ஆண்ட காலத்தில் அது ‘மினாஸ் இதில்’ என்ற பெயருடன் நிலவொளியில் மிளிர்ந்தது. மூன்றாம் யுகத்தின் 2002-ஆம் ஆண்டில் நாஸ்கூல்கள் என்னும் பேயுருவ வீரர்கள் அதைக் கைப்பற்றிய பிறகு பிண ஒளி வீசும் கோட்டையாயிற்று. அழகு அழியும்போது அதன் வடிவம் மட்டும் எஞ்சி நிற்கும் துயரம் ஆல்பம் முழுவதும் பரவியிருக்கிறது.

மூன்றாவது, நான்காவது பாடல்களை இடையில் நிறுத்தாமல் கேட்க வேண்டுகிறேன். மூன்றாவதன் தலைப்பு, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாயகர்களுள் ஒருவனான அரகோர்னுடன் சாம்பல்நிற அணியினர் மேற்கொள்ளும் பயணத்தைக் குறிக்கிறது. கதையில் அவர்கள் ‘இறந்தோரின் பாதை’ வழியே மலைக்குள் புகுந்து, மறுபுறம் வெளிப்படும் இடம் மோர்தோந்த் ஆற்றின் பள்ளத்தாக்கு. நான்காவது பாடலின் தலைப்பும் ‘மோர்தோந்த்’ என்பதே. நாவலைப் படித்தவர்களுக்கு, இருளுக்குள் சென்றவர்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்பதை இந்த வரிசையே சொல்லிவிடுகிறது.

எட்டாவது பாடலான ‘தாகோர் பிராகொல்லாக்’ வேறொரு யுகத்துக்குப் போகிறது. முதல் யுகத்தில், ஒரு குளிர்கால இரவில், தங்கோரோத்ரிம் மலையிலிருந்து தீய சக்தியான மோர்கோத் நெருப்பாறுகளை ஏவிவிட, அர்ட்-காலன் என்னும் பசும்புல்வெளி எரிந்து சாம்பல் பாலையாகிறது. எல்ஃப் அரசன் ஃபிங்கோல்ஃபின் மனம் பொறுக்காமல் தனியே குதிரையேறிச் சென்று மோர்கோத்தைப் போருக்கு அழைத்து மாய்கிறான். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அப்பாடலைக் கேட்பது நல்லது.

பீட்டர் ஜாக்சன் இயக்கிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ திரைப்படங்கள் 2001-இல்தான் வரத் தொடங்கின. ஆகவே திரையில் கண்ட முகங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த ஆல்பத்துக்குள் நுழைவதே அதற்கு நாம் செய்யும் நியாயம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் பிளாக் மெட்டல் கேட்கிறான். நார்வேயில் இந்த இசைக்காரர்கள் தேவாலயங்களை எரித்ததாகப் படித்துக் கவலையாக இருக்கிறது. இந்த ஆல்பமும் அந்த வகைதானா?

பதில்: தாங்கள் படித்தது உண்மை, அம்மா. 1992 ஜூன் மாதத்தில் பெர்கன் நகருக்கு அருகிலிருந்த ஃபான்டாஃப்ட் மரத்தேவாலயம் எரிக்கப்பட்டது. மேலும் சில தேவாலயங்களும் எரிந்தன. 1993-இல் பர்ஸம் என்ற இசைத்திட்டத்தை நடத்தியவர் தம் சக இசைக்கலைஞரைக் கொலை செய்து, அடுத்த ஆண்டு 21 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அந்தக் கூட்டத்தினரும் டோல்கீனிடமிருந்துதான் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். பர்ஸம் என்பது அந்த நாவலின் மையமான மோதிரத்தில் பொறிக்கப்பட்ட வரியில் உள்ள சொல். கோர்கோரோத் என்ற குழுவின் பெயர், அக்கதையில் இருளின் நாடான மோர்டோரில் உள்ள ஒரு பீடபூமியின் பெயர். டோல்கீனோ ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கையாளர். தேவாலயங்களை வெறுத்தவர்கள் அவருடைய நூலிலிருந்து இருளின் சொற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி.

சம்மனிங் இதில் வேறுபட்டு நிற்கிறது. ‘மினாஸ் மோர்குல்’ ஆல்பத்தில் வன்முறைக்கான அறைகூவல் இல்லை. இருள் நகரின் பெயரைத் தாங்கிய அதே தொகுப்பில், அந்த இருளை எதிர்க்கப் புறப்பட்டவர்களின் பயணத்துக்கும் இடமிருக்கிறது. மகனிடம் அந்த நாவலைப் படித்திருக்கிறானா என்று கேளுங்கள். படிக்கவில்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். அவன் கேட்பது எது, ஏன் கேட்கிறான் என்பதைப் பற்றி இருவரும் பேச அது நல்ல தொடக்கமாக அமையும்.

கேள்வி: இவர்களை மேடையில் காண வாய்ப்பு உண்டா?

பதில்: இல்லை. சம்மனிங் மேடை நிகழ்ச்சிகள் நடத்துவதில்லை. இருவரும் ஒலிப்பதிவில் மட்டுமே இயங்குகிறார்கள்.

கேள்வி: இந்த ஆல்பம் பிடித்துவிட்டது. அடுத்து எதைக் கேட்கலாம்?

பதில்: அடுத்து வந்த ‘டோல் குல்துர்’ ஆல்பத்தில் கிட்டார் இன்னும் மெலிந்து கீபோர்டு மேலும் ஓங்கியது, 1999-இல் வந்த ‘ஸ்ட்ராங்ஹோல்டு’ கிட்டாருக்கு மீண்டும் இடம் கொடுத்தது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே மொழியை அவர்கள் எப்படியெல்லாம் வளைத்தார்கள் என்பது புரியும். பின்னர் 2006-இல் வந்த ‘ஓத் பவுண்ட்’ ஆல்பத்துக்குச் செல்லுங்கள். அதில் ஒரு பாடல் முழுவதும் மோர்டோரின் மொழியான கரும்பேச்சிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இறுதிப் பாடலில் எழும் ஆண்குரல் கோரஸ் இக்குழுவின் உச்சம் என்பது என் கருத்து.

சம்மனிங் வகுத்த வழியைப் பிறர் எப்படித் தொடர்ந்தார்கள் என்று அறிய விரும்பினால், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த கேலடன் புரூட் என்ற இருவர் குழு 2013-இல் வெளியிட்ட ‘எக்கோஸ் ஆஃப் பேட்டில்’ ஆல்பத்தைப் பரிந்துரைக்கிறேன். அதே மெல்லிய நடை, அதே கொம்பொலி, அதே கோரஸ்; ஆனால் பாடுபொருள் ஸ்டீவன் எரிக்சனின் ‘மலாசன்’ என்னும் கற்பனை உலக நாவல் வரிசை.