பத்தாயிரம் ரூபாய் எட்டு இன்ச் டேப்லெட்டில் ஒரு நாள் முழுக்க சார்ஜ் நிற்குமா?

நிற்கும். யார் கையில், எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்களும் அம்மாவுக்கோ பிள்ளைக்கோதான் வாங்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். தனக்கென்று இதை யார் வாங்குகிறார்கள்?

நான் 2021-ல் மகனின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கினேன். 3 ஜிபி ராம், 32 ஜிபி ஸ்டோரேஜ், 5100 எம்ஏஎச் பேட்டரி. கம்பெனி பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். பள்ளி திறந்ததும் அது தேனிப் பக்கம் ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனது. ஒரே வாரத்தில் போன்: "ஏப்பா, ராத்திரி முக்கால்வாசி இருந்துச்சு. காலையில பாத்தா பாதிகூட இல்ல. நான் தொடவே இல்லப்பா."

பேட்டரி போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். ரிப்பேர் கடைக்காரர் பொருளைப் பார்க்காமலேயே "மாத்திரலாம் சார், 1800" என்றார். ஊருக்குப் போனபோது செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்தேன். முதலிடத்தில் யூடியூப் இல்லை, மொபைல் நெட்வொர்க்! வகுப்புக்குப் போட்ட சிம்மை எடுக்க மறந்திருக்கிறேன். மலையடிவார வீடு, சிக்னல் ஒரு கோடு வரும், போகும். விடிய விடிய டவரைத் தேடியே சார்ஜைத் தின்றிருக்கிறது. ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்துவிட்டேன். அன்று இரவு 80, காலையில் 77.

பிரைட்னஸைப் பாதியில் வைத்தால் சீரியல் ஏழு மணி நேரம் ஓடுகிறது. திண்ணை வெளிச்சத்தில் முழுசாக வைத்தால் ஐந்துகூட வராது.

இன்னொன்று சார்ஜர். அம்மா பழைய போன் சார்ஜரைச் செருகியிருந்தார். 5 வோல்ட், 1 ஆம்பியர், அதாவது 5 வாட். பேட்டரி கொள்ளளவோ கிட்டத்தட்ட 20 வாட்-மணி. கணக்குப்படியே நாலு மணி நேரம், நடைமுறையில் ஐந்து. செருகியபடியே படம் பார்த்தால் ஏறின மாதிரியே தெரியாது.

"ஐபேட் வாங்கியிருக்கலாமே" என்று கமெண்டில் வருபவர்களே, காசு நீங்கள் தருகிறீர்களா?

வேகம்? மந்தம்தான், மறைக்கவில்லை. 3 ஜிபி ராமில் யூடியூப்பிலிருந்து வாட்ஸ்அப்புக்குத் தாவினால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து திறக்கும். இந்த விலையில் வருவது இஎம்எம்சி என்ற மலிவான, வேகம் குறைந்த ஸ்டோரேஜ். நிரம்ப நிரம்பத் திணறும். அம்மாவுடையதில் ஆறு ஜிபி, குடும்பக் குரூப்பின் 'காலை வணக்கம்' படங்கள். அழித்த பிறகு தவழ்ந்தது நடக்க ஆரம்பித்தது. 64 ஜிபியாகவே வாங்குங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் சிம் மாடல் வேண்டாம்.

அந்தக் குரூப்பிலிருந்து அம்மாவை நான்தான் வெளியே எடுத்தேன். சித்தப்பா வீட்டில் இன்னும் அதே பேச்சு. அவர் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து பத்திரிகை வைக்கவில்லை. கேட்டால், "குரூப்ல போட்டோமே, பாக்கலையா?" சொந்த அண்ணிக்கு! நாலு தெரு தள்ளித்தான் வீடு.

கல்யாணத்துக்கு அம்மா போகவில்லை. அன்றைக்கு மட்டும் சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம்.