சுவிட்சர்லாந்தில் வசிப்பவர்கள், ஊரிலிருந்து வரும் உறவினர்களின் மலைச் செலவையும் ஏற்க வேண்டுமா?

வேண்டாம். படுக்கை, சாப்பாடு, ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவது, உடன் சுற்றுவது ஆகியவை உங்கள் பொறுப்பு. மலை ரயில் டிக்கெட் அவர்களுடையது. ஆனால் அவர்கள் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் கஞ்சத்தனம் என்பார்கள்.

"கணவர் வீட்டார் ஐந்து பேர் கோடையில் வருகிறார்கள், எங்கே அழைத்துப் போவது, செலவு யாருடையது?" என்று கேட்டிருக்கிறீர்கள். 'கணவர் வீட்டார்' என்று பார்த்ததுமே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு கூடமுமாக இருக்கும். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று உங்கள் கணவர் சொல்லியிருப்பார். பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான்.

விருந்தோம்பல் தெரியாதவள் என்று எனக்குக் கருத்து எழுத வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. வந்தவர்களுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டவள் நான். நான் இருக்கும் பெர்னில் ஒரு பிடி கறிவேப்பிலை என்ன விலை விற்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு எழுதுங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் என் கணவரின் அக்கா, அவர் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். அண்ணியின் கணவரை நான் அண்ணன் என்றுதான் அழைப்பேன். நல்ல மனிதர். ஆனால் திருநெல்வேலியை விட்டுக் கிளம்பும்போதே ஜங்ஃபிராயோக் என்ற ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம், 3,454 மீட்டர். 1896-இல் தொடங்கி 1912-இல் முடித்த பாதை. ஐகர், மோன்ஷ் என்ற இரண்டு மலைகளின் வயிற்றுக்குள் ஏழு கிலோமீட்டருக்கு மேல் குடைந்து கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த ரயில்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வானம் தெளிந்த நாளில் மேலே நின்று அலெட்ச் பனியாற்றைப் பார்த்தால் கொடுத்த காசு ஒரு பொருட்டாகவே தெரியாது. வானம் தெளியாத நாளில்தான் சங்கடம். இன்டர்லாக்கனிலிருந்து போய்வரப் பெரியவர் ஒருவருக்கு முழுக் கட்டணம் 200 பிராங்குக்கு மேல்.

கிளம்ப வேண்டிய அன்று காலை, சமையலறையில் நின்றபடியே மலை உச்சியின் நேரலைக் கேமராவைப் பார்த்தேன். இணையத்தில் யாரும் பார்க்கலாம். கைப்பேசித் திரை முழுக்க வெள்ளை. மலையும் இல்லை, வானமும் இல்லை. கைப்பேசியை அண்ணனிடம் நீட்டினேன். அவர் ஜன்னலைக் காட்டி, "இங்கே வெயில் அடிக்கிறதே, நாம் போய்ச் சேர்வதற்குள் அங்கேயும் விலகிவிடும்" என்றார். பெர்ன் வெயிலுக்கும் அந்த உச்சிக்கும் என்ன தொடர்பு? சொல்லிப் பார்த்தேன். "உனக்கென்னம்மா, நீ எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்று அண்ணி முடித்துவிட்டார். அதுவும் நியாயம்தான். விடுமுறைக்கு வந்தவர்களுக்கு நாள்கள் எண்ணி வைத்தவை.

மாமியார் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நல்ல உடம்புக்காரர்களுக்கே தலை வலிக்கும், படி ஏறினால் மூச்சு வாங்கும். நான் மருத்துவர் அல்ல. உங்கள் மாமியார் தாராளமாகப் போகக்கூடியவராக இருக்கலாம். ஊரில் கிளம்புமுன்பே அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் யாரும் கேட்டிருக்கவில்லை.

ஆகவே இரண்டு கட்சியானோம். அண்ணன், அண்ணி, பிள்ளைகள், அவர்களுக்குத் துணையாக என் கணவர் ஆகியோர் கிரின்டெல்வால்ட் வழியாக மேலே போனார்கள். நானும் அத்தையும் லாட்டர்புருன்னனில் இறங்கி, மஞ்சள் நிற அஞ்சல் பஸ் பிடித்து ட்ரும்மெல்பாக் போனோம். ஐகர், மோன்ஷ், ஜங்ஃபிரா மூன்றிலும் உருகும் பனி, பாறைக்குள் பத்து அருவிகளாக விழுகிற இடம் அது. மழையானாலும் மேகமானாலும் அங்கே ஒரு குறையும் இல்லை, பெரும்பாலும் மலைக்கு உள்ளே. சாய்வான மின்தூக்கி ஒன்று பாறைக்குள் பாதித் தூரம் ஏற்றிவிடுகிறது. அதன் பிறகு ஈரப் படிகள். கம்பியை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நொடிக்கு 20,000 லிட்டர் வரை தண்ணீர் இறங்கும் என்கிறார்கள். இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள முடியும். பாறை பானை போலக் குடைந்திருக்கிறது. கைப்பிடிக் கம்பியே அதிர்கிறது. அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நெடுநேரம் எட்டிப் பார்த்தார். என் காதருகே வாயை வைத்து, "குற்றாலம் என்றால் தலையைக் கொடுக்கலாம், இதற்குத் தலையைக் கொடுத்தால் தலையே போய்விடும்" என்று கத்தினார்.

வெளியே வந்து, "இத்தனை தண்ணீரும் எங்கே போகிறது?" என்றார். லூட்ஷினெ ஆறாகி, பிரியன்ஸ் ஏரியில் விழுந்து, ஆரெ ஆறாகி, நாம் தினமும் கடக்கும் பெர்ன் பாலத்துக்கு அடியில்தான் போகிறது என்றேன். ஊர் திரும்பும்வரை அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்றுதான் வந்தார்.

மேலே போனவர்கள் மாலையில் திரும்பினார்கள். பனி மாளிகையைப் பார்த்திருக்கிறார்கள், அது உள்ளே இருப்பது. இந்தியச் சாப்பாடு கிடைத்திருக்கிறது. பார்வை மாடத்தில் எடுத்த படங்களில் நால்வரும் வெள்ளைச் சுவரின் முன்னால் நிற்பதுபோல் நிற்கிறார்கள். சின்னவன் தலைவலியில் வரும்போதே தூங்கிவிட்டான். அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் போன பிறகுதான், "அம்மாவை மேலே விடாமல் டிக்கெட் காசை மிச்சம் பிடித்துவிட்டாள்" என்று உறவு வட்டத்தில் பேச்சு கிளம்பியது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சலவை அறை. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை நாள் உண்டு. விருந்தினர் துணி சேர்ந்ததால் என் முறை முடிந்தும் சிறிது நேரம் கொடியில் துணி கிடந்தது. மறுநாள் அஞ்சல் பெட்டியில் அழகான கையெழுத்தில் ஒரு கடிதம், பெயர் இல்லாமல். கதவைத் தட்டிச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? மாடிப்படியில் எதிரே வந்தால் 'க்ரூயெஸ்ஸெக்' என்று இனிக்க இனிக்க வணக்கம் சொல்பவர்களில் ஒருவர்தானே எழுதியிருக்கிறார்! இந்த நாட்டுக்காரர்கள் எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. மூன்றாம் மாடிப் பாட்டி அத்தைக்குத் தன் தோட்டத்துத் தக்காளி கொண்டுவந்து கொடுத்தார். ஆனாலும் அந்தக் கடிதம் இன்னும் உறுத்துகிறது.

சரி, உங்கள் ஐந்து பேருக்கு வருவோம். சுற்றுலாப் பயணிகளுக்கான பாஸ் எடுத்தால் எல்லா மலையும் இலவசம் என்று அவர்கள் நம்பிக்கொண்டு வருவார்கள். ஜங்ஃபிராவுக்கு அது கிரின்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான். அதற்கு மேலே தள்ளுபடி மட்டும். ரிகி மலையும் ஏரிக் கப்பல்களும் அதில் அடங்கும். உங்கள் வீட்டிலேயே தங்கி இரண்டு மூன்று மலை மட்டும் பார்ப்பவர்களுக்குப் பாதிக் கட்டண அட்டைதான் பெரும்பாலும் கட்டுப்படியாகும், இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். வயதானவர்கள் இருந்தால் ஷைனிகெ பிளாட்டெ மலைக்குப் போகலாம். வில்டர்ஸ்வில்லிலிருந்து 1893 முதல் ஓடும் பல்சக்கர ரயில், கோடையில் மட்டும் உண்டு. உயரம் 2,000 மீட்டருக்குள்தான், அந்த மூன்று சிகரங்களும் எதிரே வரிசையாக நிற்கும். மேகம் விலகிய ஒரு நாளில் அத்தையை அங்கே அழைத்துப் போனேன். டிக்கெட் நான்தான் எடுத்தேன், அதையும் யாராவது உறவு வட்டத்தில் சொன்னால் நன்றாயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பாலும் தயிரும் வாங்கி வைத்துவிடுங்கள். விசாவுக்கு உத்தரவாதப் பத்திரம் கேட்டால், 30,000 பிராங்க் வரை பொறுப்பேற்றுக் கையெழுத்திடப் போவது நீங்கள். வருபவர்களின் காப்பீட்டை முதலில் சரிபாருங்கள். அந்தத் தொகையை அண்ணியிடம் சொன்னபோதுதான் முதல்முறையாக அவர் எதிர்முனையில் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அடுத்த முறை டிட்லிஸ் மலை பார்க்க வேண்டுமாம், சுழலும் கேபிள் கார் இருக்கிறதாம். கட்டண விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். நீல நிறக் குறி விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.